கூட்டாளிகளோடு போவதா, மீறிப் போவதா?

பயங்கரவாத ஆபத்தைப் பற்றி நட்பு நாடுகளுக்குள்ளேயே கருத்து ஒத்துப்போகாதபோது படை அனுப்புவது நியாயமா? அமெரிக்கா இரண்டு வழிகளிலும் போய்ப் பார்த்திருக்கிறது: ஆப்கானிஸ்தானுக்குக் கூட்டாளிகளோடு, ஈராக்குக்குக் கூட்டாளிகள் பலரை மீறி.

ஆதாரம்
ஆப்கானிஸ்தான், 2001: இரட்டைக் கோபுரங்கள் விழுந்ததை உலகமே பார்த்தது. மறுநாளே மேற்கத்திய ராணுவக் கூட்டணியான நேட்டோ, ஓர் உறுப்பு நாட்டைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகும் என்கிற தன் 5ஆவது பிரிவை முதன்முறையாகக் கையில் எடுத்தது.
ஈராக், 2003: பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் சின்னக் குப்பி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமி இவ்வளவு இருந்தாலே ஆபத்து என்பது வாதம். பிரான்சும் ஜெர்மனியும் அசையவில்லை. பேரழிவு ஆயுதக் கிடங்கு எதுவும் பிறகும் அகப்படவில்லை.

வழி
ஆப்கானிஸ்தான்: பாகிஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் தளம் கொடுத்தன.
ஈராக்: நேட்டோ உறுப்பினரான துருக்கியின் நாடாளுமன்றமே கதவடைத்தது. வடக்கிலிருந்து நுழைய வேண்டிய படைப்பிரிவு குவைத் வழியாகச் சுற்றி வந்தது. பிரான்ஸ் மேலிருந்த கோபத்தில் அமெரிக்க நாடாளுமன்ற உணவகத்தில் 'பிரெஞ்சு ஃபிரைஸ்' பெயரை மாற்றினார்கள். உருளைக்கிழங்கு என்ன பாவம் செய்தது?

நீடிப்பு
இரண்டும் தேறவில்லை. 2021இல் தாலிபான் காபூலுக்குத் திரும்பியது.

அடி விழுந்து, அடித்தவன் யாரென்றும் தெரிந்தால் முதல் வழி பொருந்தும். ஆபத்து வாசலுக்கே வந்துவிட்டதென்று காட்ட முடிந்தால் மட்டும் இரண்டாவது. ஈராக்கில் அப்படி எதுவும் இல்லை. அங்கே ஆயுதங்களைத் தேடிய ஐ.நா. ஆய்வுக் குழுவின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் வேலையை முடிக்கக் கேட்டது சில மாதங்கள்தான்.