ஆட்வ்கிளீனர்: பாதி வேலையை நன்றாகச் செய்யும் இலவசக் கருவி

சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டுக் கணினியைப் பெரும்பாலும் பயன்படுத்துபவர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா. சென்ற மாதம் காட்பாடியிலிருந்து புறப்படும் ரயில்களின் நேரத்தைத் தேடியபோது, ‘நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ (Allow, அனுமதி) பொத்தானை அழுத்துங்கள்’ என்று கேட்ட ஏதோ ஒரு தளத்தில் அவர் அதை அழுத்திவிட்டார். அன்று முதல் திரையின் வலது கீழ்மூலையில், பெயர்பெற்ற வைரஸ் தடுப்பு மென்பொருளின் சின்னத்தோடு, ‘உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன’ என்ற எச்சரிக்கை ஓயாமல் வந்துகொண்டிருந்தது. “கம்பெனிக்காரனே சொல்றாம்மா, பணத்தைக் கட்டிடலாமா?” என்று வங்கி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டபோது நான் பதறிப்போனேன். பழுது பார்க்கும் கடை ஒன்றில் விசாரித்தால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே ஒரே வழி என்றார்கள்.

அதற்கு உடன்படாமல், வேண்டாத விளம்பர நிரல்களை நீக்க மால்வேர்பைட்ஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் ஆட்வ்கிளீனரை இறக்கினேன். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்புகளிலேயே போலிகள் இருக்கக்கூடும் என்பதால், நிறுவனத்தின் தள முகவரியை நானே தட்டச்சு செய்து போனேன். இதை நிறுவ வேண்டியதில்லை. திறந்து ஸ்கேன் பொத்தானை அழுத்தினால் போதும். சில நிமிடங்களில், அப்பா அறியாமலேயே குரோமில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு எக்ஸ்டென்ஷனையும் (உலாவியோடு சேரும் துணை நிரல்), வேறொரு மென்பொருளோடு சேர்ந்து வந்த டூல்பாரையும் கண்டுபிடித்து, இயங்க முடியாதபடி குவாரன்டைனில் தனியே தள்ளி, கணினியை மறுபடி தொடங்கச் சொன்னது.

ஆனால் எச்சரிக்கைகள் நிற்கவில்லை. அதற்கு இந்தக் கருவியை மட்டும் குறை சொல்ல முடியாது, ஏனெனில் அவற்றை அனுப்பியது கணினிக்குள் புகுந்த வைரஸ் அன்று, அலோவை அழுத்தியதன் மூலம், அறிவிப்புகள் அனுப்ப அப்பா கொடுத்த அனுமதியைப் பயன்படுத்திக்கொண்ட அந்தத் தளம். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் இதைக் கண்டுபிடிக்காததற்கும் அதுவே காரணம். குரோமின் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், அலோ பட்டியலில் இருந்த அந்த முகவரியை நீக்கிய பிறகே திரை அமைதியானது. ஒவ்வொரு எச்சரிக்கையிலும் தளத்தின் முகவரி சிறிய எழுத்தில் இருந்தது. அதைப் படித்திருந்தால் முதல் நாளே உண்மை தெரிந்திருக்கும்.

நாம் திறக்கும்போது மட்டுமே வேலை செய்யும் கருவி இது. எந்நேரமும் காவல் இருக்காது. அந்தப் பொறுப்பை டிஃபெண்டரிடமே விட்டு, வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதியையும் அதில் இயக்கி வைத்திருக்கிறேன். தொலைபேசி எண்ணோடு வரும் எச்சரிக்கை எதுவும் மைக்ரோசாஃப்டுடையது அன்று என்பதையும் அப்பாவிடம் விளக்கியிருக்கிறேன். இத்தகைய எச்சரிக்கையை நம்பி ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள், வைரஸ் நீக்கும் வேலையைப் பிறகு பார்த்துக்கொண்டு, முதலில் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.