‘காப்புறுதி பார்த்துக்கொள்ளும்’ என்று வீட்டுப் பராமரிப்பை விற்பவர்களிடம் எச்சரிக்கை

பெற்றோரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்துவரக் காத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். "வீட்டுக்கே தாதியை அனுப்புகிறோம், செலவைக் காப்புறுதி பார்த்துக்கொள்ளும்" என்று எந்த நிறுவனம் சொன்னாலும், எழுத்தில் தரும்வரை ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். இதைச் சொல்லித்தான் எங்கள் குடும்பத்திடம் 4,000 வெள்ளிக்கு மேல் முன்பணமாக வாங்கினார்கள்.

அம்மாவுக்கு நீரிழிவு. காலில் ஆறாத புண்ணுக்கு அறுவை சிகிச்சை முடிந்து சிங்கப்பூரில் ஈசூன் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய நேரம் அது. அண்ணனும் நானும் வேலைக்குப் போகிறவர்கள். புண்ணுக்குக் கட்டு மாற்றவும் குளிப்பாட்டவும் ஆள் தேவைப்பட்டது. தனியார் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி நேரில் வந்தார். நல்ல தமிழ், கனிவான பேச்சு, "அக்கா, நீங்கள் கவலையே படவேண்டாம்" என்று நொடிக்கொரு தடவை ஆறுதல். அவர் சொன்ன ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருந்தது. ஆபத்து அதில்தான்.

"இப்போதெல்லாம் மருத்துவமனைச் சிகிச்சையை வீட்டிலேயே பெறலாம், மெடிஷீல்டு லைஃப் கட்டும்" என்றார். மெடிஷீல்டு லைஃப் என்பது சிங்கப்பூர் அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதி. வீட்டிலேயே சிகிச்சை தரும் திட்டமும் உண்டுதான். 2024 ஏப்ரல் முதல் பொது மருத்துவமனைகளில் அது வழக்கமான சேவையாகிவிட்டது. ஆனால் மருத்துவமனையின் மருத்துவக் குழு, நோயாளியின் நிலை அதற்கு ஏற்றது என்று முடிவெடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் வார்டில் படுத்திருப்பதைப் போலவே மெடிஷீல்டு லைஃபும், மருத்துவச் செலவுக்கான சேமிப்பான மெடிசேவும் செல்லும். அம்மாவோ சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். அதன் பிறகு தனியார் நிறுவனம் மணிக்கணக்கில் அனுப்பும் ஆளுக்கும் அந்தத் திட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அடுத்து, மெடிஷீல்டு லைஃபுக்கு மேல் தனியார் காப்புறுதி நிறுவனத்திடம் அம்மா எடுத்திருந்த ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டத்தின் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, மருத்துவமனையை விட்டு வந்தபின் ஓராண்டு வரை ஆகும் செலவைக் காப்புறுதி நிறுவனம் திருப்பித் தரும் என்று அடித்துச் சொன்னார். கோரிக்கைப் படிவங்களையும் தாங்களே நிரப்பித் தருவதாக வாக்களித்தார். இதை நம்பித்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம்.

வந்தவர்கள் தாதியர் இல்லை, பராமரிப்பு உதவியாளர்கள். அந்தப் பெண்கள்மீது எனக்குத் துளியும் கோபம் கிடையாது. அம்மாவை அன்பாகவே பார்த்துக்கொண்டார்கள். ஆனால் பாலிசியில் இருந்த நிபந்தனை வேறு. அறுவை சிகிச்சை செய்த நிபுணர் எழுத்தில் பரிந்துரைத்திருக்க வேண்டும்; அதே நோய்க்கான சிகிச்சையாக இருக்க வேண்டும்; பதிவுபெற்ற தாதி செய்திருக்க வேண்டும். குளிப்பாட்டுதல், உடைமாற்றுதல், உணவூட்டுதல், துணைக்கு இருத்தல் ஆகிய எதற்கும் இழப்பீடு இல்லை என்று விலக்குப் பட்டியலில் தெளிவாக அச்சிட்டிருக்கிறது. விற்க வந்தவருக்கு இது தெரியாதிருக்க வழியே இல்லை. ஏனென்றால் எங்களுக்குத் தந்த ரசீதில் அவர்களே ‘அன்றாடப் பராமரிப்பு’ என்றுதான் எழுதியிருந்தார்கள். பேசும்போது தாதிமைச் சேவை, ரசீதில் அன்றாடப் பராமரிப்பு! காப்புறுதி நிறுவனம் கோரிக்கையை நிராகரித்தது. கடிதத்தைப் படித்துப் பார்த்தேன். அவர்கள் பக்கம் தவறில்லை.

மூன்றாவது பொய்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "மாதம் 600 வெள்ளி கேர்ஷீல்டு லைஃபில் வரும், மீதியை அது ஈடுகட்டிவிடும்" என்றார். கேர்ஷீல்டு லைஃப் என்பது அன்றாடக் காரியங்களைத் தாமே செய்ய முடியாதவர்களுக்கு மாதந்தோறும் பணம் தரும் அரசாங்கக் காப்புறுதி. 2020 அக்டோபரில் தொடங்கியது. 1980இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் அது கட்டாயம். முன்பு பிறந்தவர்கள் விரும்பினால் சேரலாம். அம்மா சேரவில்லை. அவரிடம் இருப்பது 2002இல் வந்த, இதே வகையைச் சேர்ந்த பழைய திட்டமான எல்டர்ஷீல்டு. அதன் தொகையும் குறைவு, கிடைக்கும் காலமும் குறைவு. எந்தத் திட்டமானாலும் குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிவறைக்குச் செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் குறைந்தது மூன்றைப் பிறர் உதவியின்றிச் செய்ய முடியாத நிலை வேண்டும். அதையும் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் உறுதிசெய்ய வேண்டும். அம்மாவுக்கு இரண்டில்தான் உதவி தேவைப்பட்டது. அம்மா எந்த ஆண்டு பிறந்தவர் என்றுகூட அந்தப் பிரதிநிதி கேட்கவில்லை.

நிராகரிப்புக் கடிதத்தோடு பேசப் போனபோது அந்தப் பிரதிநிதி வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பயன்படுத்தாத மணிநேரங்களுக்கும் பணம் திரும்பாது என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்கள். நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் தொழிலில் இருப்பவர்கள் இப்படி நடந்துகொள்வதை என்னால் மன்னிக்க முடியவில்லை. படுக்கையில் இருக்கும் தாயை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை சிறிய எழுத்துகளை வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கும்?

உங்கள் வீட்டில் இந்த நிலை வந்தால், வார்டிலேயே மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வீட்டுத் தாதிமைக்கு வருமானத்தைப் பொறுத்து அரசாங்க மானியம் உண்டு. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழைத்தால் வழிகாட்டுவார்கள். இப்போது அம்மாவுக்குக் கட்டு மாற்ற வரும் தாதி அப்படி ஏற்பாடானவர்தான். காப்புறுதி பற்றி விற்பவரிடம் கேட்காதீர்கள். காப்புறுதி நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். யார் வருகிறார், என்ன செய்வார், ரசீதில் என்ன எழுதப்படும் என்பதைக் குறிப்பிட்டு, இதற்குப் பணம் கிடைக்குமா என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். மொத்தமாக முன்பணம் கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வாரத்துக்கு வாரம் கட்டணம் வாங்கும் நிறுவனங்களும் இருக்கின்றன.

நாங்கள் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்தோம். சங்கம் தலையிட்ட பிறகு, பயன்படுத்தாத மணிநேரங்களுக்குரிய பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார்கள். மீதிக்காகச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகிறோம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுசெல்லலாம்; இரண்டு ஆண்டுகளுக்குள் பதிவுசெய்துவிட வேண்டும். பிரதிநிதி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் அனைத்தையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். இதே போன்ற வாக்குறுதி உங்களுக்கும் வந்திருந்தால், அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.