‘வயிற்றுப் புற்றுநோய்’ ரத்தப் பரிசோதனைத் தொகுப்பு: இளவயதினர் வாங்கலாமா?

பினாங்கில் தனியார் ஆய்வுக்கூடங்கள் விற்கும் முழு உடல் ரத்தப் பரிசோதனைத் தொகுப்புகளில் வயிற்றுக்கென்று பெரும்பாலும் இரண்டுதான் இருக்கும்: சிஇஏ என்ற புற்றுநோய்க் குறியீடு, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற வயிற்றுக் கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடி. இரண்டும் நார்மல் என்று வந்தால் முப்பது வயதுக்காரர் “வெறும் காஸ்ட்ரிக்தான்” என்று நிம்மதியாகிவிடுகிறார். வயிற்றுக்காக மட்டும் இதை வாங்குவது வீண்செலவு என்பதே எங்கள் தீர்ப்பு.

ஆரம்பநிலைப் புற்றில் சிஇஏ பெரும்பாலும் ஏறுவதே இல்லை. புகைபிடிப்பவருக்குப் புற்று இல்லாமலே ஏறலாம். ஆன்டிபாடியோ, கிருமி ஒழிந்த பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். கிருமி இப்போது இருக்கிறதா, முன்பு இருந்து போனதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இளவயதில் வரும் புற்றின் போக்கே வேறு. வயதானவர்களிடம் அதிகம் காண்பது, பைலோரி அழற்சியால் வயிற்றின் உட்படலம் மெலிந்து, குடல்படலம் போல மாறி, பல பத்தாண்டுகளில் உருவாகும் வகை. ஆண்களுக்கே அதிகம் வரும். வாய்வழியே கேமராக் குழாயை விட்டு வயிற்றைப் பார்க்கும் ஸ்கோப்பில் கட்டியாகவோ புண்ணாகவோ தெரியும். 40 வயதுக்குக் கீழே, கட்டியாகத் திரளாமல் வயிற்றுச் சுவருக்குள் பரவும் வகையின் பங்கு கூடுகிறது, பெண்களின் பங்கும் கூடுகிறது. சில குடும்பங்களில் சிடிஎச்1 மரபணுப் பிழை காரணம். இதில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக வயிற்றுச் சுவருக்குள் ஊடுருவும். மேற்படலம் சாதாரணமாகவே தெரியலாம். ஸ்கோப்பின்போது காற்றை ஊதியும் வயிறு விரியாமல் விறைத்து நிற்பது முக்கியத் துப்பு. மேலோட்டமாகக் கிள்ளிய திசு ‘புற்று இல்லை’ என்று வந்தாலும் சந்தேகம் இருந்தால் அதே இடத்தில் இன்னும் ஆழமாக எடுத்தாக வேண்டும்.

கிருமிக்கு மூச்சுப் பரிசோதனையே நம்பகமானது. மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர், சீனரிடம் பைலோரி அதிகம் என்பதால் நமக்கு இது பயனுள்ள செலவு. அதற்கு முன் அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரஸோல் வகை மாத்திரையை 2 வாரமும் ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். சிகிச்சை முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மறுபடி ஊதிப் பார்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

ஆனால் எடை குறைவு, கறுப்பு மலம், ரத்தசோகை, விழுங்கச் சிரமம், ஓயாத வாந்தி, பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்கு வயிற்றுப் புற்று, இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த வயதானாலும் நேராக ஸ்கோப்தான். மருந்துக்கடையில் வாங்கிய ஓமெப்ரஸோல் வலியைக் குறைப்பதோடு புற்றுப் புண்ணின் மேற்புறத்தையும் தற்காலிகமாக ஆற்றிவிடும். மாதங்கள் கழிவது அப்படித்தான்.

ஸ்கோப்புக்கு இடம் தேடும்போது விலையோடு இதையும் கேளுங்கள்: நுரை நீக்கும் சிமெத்திகோன் கொடுக்கிறார்களா, வயிற்றைக் குறைந்தது 7 நிமிடமாவது பார்க்கிறார்களா, புண் இருந்தால் அதன் ஓரங்களில் 6 திசுத் துண்டுக்குக் குறையாமல் எடுக்கிறார்களா. 6 முதல் 8 மணி நேரம் சாப்பிடாமல் போக வேண்டும். மயக்க மருந்து போட்டால் அன்று வண்டி ஓட்டக்கூடாது. அறிகுறி இல்லாத பரிசோதனைக்குக் காப்புறுதி பொதுவாகப் பணம் தராது. அறிகுறி இருந்தால் டாக்டரின் கடிதத்தில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கையில் காசில்லாவிட்டால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, ஸ்கோப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். எங்கே செய்தாலும் எந்தெந்த இடத்தில் எத்தனை துண்டு எடுத்தார்கள் என்று எழுதிய அறிக்கையின் நகலை வாங்கி வையுங்கள். அடுத்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.