240 இசட்: மூன்று வெபரா, இரண்டு ரவுண்ட்-டாப்பா?

என் டாட்சன் 240 இசட், பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார், கைக்கு வந்தபோது அதில் மூன்று வெபர் 40 டி.சி.ஓ.இ. கார்பரேட்டர்கள் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவிகள்) இருந்தன. பழைய உரிமையாளர் ஆசை ஆசையாகப் போட்டது. இப்போது அந்த இடத்தில் இருப்பவை இரண்டு ஹிட்டாச்சி ரவுண்ட்-டாப். 1970 முதல் 1972 வரை கம்பெனியிலிருந்தே இந்த வண்டியோடு வந்த அதே எஸ்.யூ. வகை. "வெபரைக் கழற்ற எப்படி மனசு வந்தது?" என்று கேட்காத ஆளில்லை. எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. ஒளிக்க ஒன்றுமில்லை, நான் ரவுண்ட்-டாப் கட்சி.

வெபரின் பெருமையை விளக்க வேண்டியதில்லை. ஆறு சிலிண்டருக்கும் தனித்தனி தொண்டை (காற்று போகும் குழாய்), மிதித்ததும் சட்டென்று பாயும் வேகம், 4,000 ஆர்.பி.எம். தாண்டியதும் வரும் அந்த உறுமல். பானெட்டைத் திறந்தால் பார்க்கிறவர் கண் அங்கேயே நிற்கும். இதில் ரவுண்ட்-டாப் போட்டிக்கே வராது.

ஆனால் எதை எதோடு ஒப்பிடுவதற்கு முன்னாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வண்டி திணறினால் எல்லோரும் முதலில் கார்பரேட்டரைத்தான் பிரிக்கிறார்கள். பாதி நேரம் கோளாறு வேறெங்கோ இருக்கும். இந்த வண்டியின் எல்24 எஞ்சினில் வால்வ் க்ளியரன்ஸை, அதாவது வால்வுக்கு விட வேண்டிய இடைவெளியை, முதலில் பாருங்கள்: சூடாக இருக்கும்போது இன்டேக் 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.30. அடுத்து இக்னிஷன் பக்கம்: பாயின்ட் இடைவெளி, டைமிங், பிளக். கடைசியாக மேனிஃபோல்ட் கேஸ்கட், அதாவது காற்றுக் குழாய்கள் எஞ்சினோடு சேரும் இடத்தில் கசியாமல் அடைக்கும் தகடு. இந்த எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், இரண்டுக்கும் ஒரே கேஸ்கட். நட்டு லேசாகத் தளர்ந்தாலே காற்று உள்ளே போகும். ஐடிலிங்கில் ஓடும்போது அந்த ஓரமாகக் கொஞ்சம் கார்ப் க்ளீனர் அடித்துப் பாருங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருப்பதால் எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. இது சரியாகாமல் எந்தக் கார்பரேட்டரை ட்யூன் செய்தாலும் வீண்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் முடிவைத் தீர்மானித்தது பவர் இல்லை. ஒருமுறை ட்யூன் செய்தால் அது எவ்வளவு காலம் நிற்கிறது என்பதுதான்.

வெபரில் ஐடில் ஜெட் என்று ஒன்று உண்டு. ஜெட் என்றால் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையுள்ள திருகு. 50 என்று பொறித்திருந்தால் அதன் துளை அரை மில்லிமீட்டர். பெயரை வைத்து அது ஐடிலிங்குக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. லேசாக மிதித்து ஓட்டும்போது ஏறக்குறைய 3,000 ஆர்.பி.எம். வரை பெட்ரோல் அந்த வழியாகத்தான் போகிறது. அதாவது நாம் சாதாரணமாக ஓட்டும் ஓட்டம் முழுக்க அந்த அரை மில்லிமீட்டர் துளையை நம்பியே இருக்கிறது. அப்படி ஆறு துளைகள். எத்தனால் கலந்த பெட்ரோலை ஊற்றி வண்டியைச் சில வாரம் சும்மா நிறுத்தினால் போதும், ஒன்றாவது அடைத்துக்கொள்ளும்.

அடைத்தால் வரும் அறிகுறி ஆளை ஏமாற்றும். ஐடிலிங்கில் ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கும், மெதுவாகப் போகும்போது வண்டி உதறும், அழுத்தி மிதித்தால் எல்லாம் சரியாகிவிடும். இக்னிஷன் கோளாறு என்றே தோன்றும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி, மிக்ஸ்சர் ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக உள்ளே திருகிப் பார்ப்பது. எந்த ஸ்க்ரூவை முழுக்க மூடியும் எஞ்சின் சத்தம் மாறவில்லையோ, அந்தத் தொண்டைதான் செத்திருக்கிறது. மேல் மூடியைக் கழற்றி, ஜெட்டை உருவி வெளிச்சத்தில் பிடித்தால் துளை தெரியாது, அல்லது பிறை வடிவில் ஓரம் மட்டும் தெரியும். மணல் பருக்கையைவிடச் சின்ன ஒரு துகள் அங்கே உட்கார்ந்திருக்கும். காற்றடித்தால் போய்விடும். துளைக்குள் கம்பியை மட்டும் நுழைத்துவிடாதீர்கள், துளை பெரிதானால் அந்த ஜெட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இது போக, மூன்று கார்பரேட்டரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திறக்க வேண்டும். மூன்றையும் இணைக்கும் லிங்கேஜில் எங்காவது ஒரு பால் ஜாயின்ட் தேய்ந்தால் காற்றோட்ட மீட்டரை வைத்து மறுபடி ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் அழுத்தத்துக்கும் காவல் தேவை: மூன்று பி.எஸ்.ஐ. போதும், அதற்கு மேல் ஏறினால் ஃப்ளோட் வால்வை மீறிப் பொங்கும்.

ரவுண்ட்-டாப் வேறு மாதிரி யோசிக்கிறது. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவுக்கு கார்பரேட்டருக்குள்ளேயே இருக்கும் ஒரு பிஸ்டன் மேலே எழும்பும். அதோடு சேர்ந்து கூம்பு நீடில் ஒன்று ஜெட்டிலிருந்து எழும்பி, அந்தக் காற்றுக்குத் தக்க பெட்ரோலை விடும். ஐடிலிங் முதல் முழு வேகம் வரை ஒரே ஜெட், ஒரே நீடில். அடைத்துக்கொள்ள அரை மில்லிமீட்டர் துளை எதுவும் கிடையாது. நீடில் ஏறி இறங்கும்போதே சின்னத் தூசியெல்லாம் கழன்று போய்விடும்.

ட்யூனிங்கும் சுருக்கம். அடியில் உள்ள, ஜெட்டை ஏற்றி இறக்கும் நட்டை முழுக்க மேலே ஏற்றி, அங்கிருந்து இரண்டரைச் சுற்று இறக்குங்கள். இரண்டிலும் காற்றோட்டத்தைச் சமமாக்குங்கள். பிறகு மெல்லிய ஸ்க்ரூட்ரைவரால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் மட்டும் தூக்குங்கள். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் ரிச் (பெட்ரோல் அதிகம்). உடனே விழுந்தால் லீன் (பெட்ரோல் குறைவு). லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஜெட் பெட்டி வேண்டாம், கணக்கு வேண்டாம். ஒருமுறை சரிசெய்தால் அடுத்த சர்வீஸ் வரை நான் தொடுவதே இல்லை.

இதற்கும் நோய் உண்டு. மிதித்ததும் ஒரு கணம் திணறி அப்புறம் இழுத்தால், பிஸ்டன் துள்ளாமல் பிடித்து வைக்கும் டேம்பரில் ஆயில் வற்றியிருக்கும். பிஸ்டன் தடையில்லாமல் துள்ளுவதால் மிக்ஸ்சர் அந்த நேரத்தில் லீனாகிவிடுகிறது. கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டால் தீர்ந்தது. அடியில் எக்ஸாஸ்ட் இருப்பதால் சூட்டில் பெட்ரோல் கொதிக்கும் தொல்லை இரண்டு வகைக்கும் பொது. வெப்பத் தகட்டைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

1973-இல் மாசுக் கட்டுப்பாட்டுக்காக வந்த ஃப்ளாட்-டாப் கார்பரேட்டரைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். சூட்டில் அது படுத்தும் பாடு ஊரறிந்தது. அந்த வண்டி வைத்திருப்பவர்களே பழைய ரவுண்ட்-டாப்பைத் தேடி மாற்றுகிறார்கள்.

வெபருக்குப் பதிலாகப் போடும் மிக்குனி 44 பி.எச்.எச். கார்பரேட்டர் நல்ல பொருள் என்றே படுகிறது. நண்பர் வண்டியில் ஓட்டியபோது கீழ் வேகத்தில் வெபரைவிட வழுவழுப்பாக இருந்தது. நானே பிரித்து மேய்ந்ததில்லை, அதனால் பராமரிப்பைப் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

என் எஞ்சின் கிட்டத்தட்ட ஸ்டாக். கேம், ஹெட், கம்ப்ரெஷன், ஹெடர் எல்லாம் மாற்றியிருந்தால் நானும் வெபரைத்தான் விட்டு வைத்திருப்பேன். அப்படிப்பட்ட எஞ்சினுக்குச் சோக் (தொண்டைக்குள் இருக்கும் குறுகல்) அளவு, மெயின் ஜெட், பெட்ரோலில் காற்றைக் கலக்கும் எமல்ஷன் ட்யூப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பொருத்தும் வசதி வேறெதிலும் இவ்வளவு கிடையாது. மெயின் ஜெட்டுக்குச் சோக் அளவை மில்லிமீட்டரில் எடுத்து நான்கால் பெருக்கித் தொடங்குங்கள்: 30-க்கு 120. அதன்பின் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் காட்டுகிறபடி போங்கள். விற்கும்போது கம்பெனி கார்பரேட்டரும் கூட இருந்தால் மதிப்பு ஏறும் என்பது என் எண்ணம். எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

பழைய ரவுண்ட்-டாப் வாங்குவதானால் முதலில் த்ராட்டில் ஷாஃப்டை (மிதிக்கும்போது திரும்பும் தண்டை) பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அந்த வழியாகக் காற்று கசியும், ஐடிலிங் எப்போதும் நிலைக்காது, புஷ் மாற்றியே ஆக வேண்டும். அடுத்து பிஸ்டனைத் தூக்கி விடுங்கள்; "டக்" என்று விழ வேண்டும், தயங்கக் கூடாது. மேல் கூண்டும் பிஸ்டனும் ஜோடியாகக் கடைந்தவை, ஒன்றின் பிஸ்டனை இன்னொன்றில் போட்டிருந்தால் இந்தச் சோதனையிலேயே தெரிந்துவிடும்.