205/50 ஆர்17: மூன்று வருசம், 41,000 கிலோமீட்டர், பின் சீட்டில் பெரியம்மா

போன வாரம் மச்சினன் கூப்பிட்டு, "மாமா, உங்க வண்டியாட்டவே நானும் பதினேழு இஞ்ச் வீல் போடலாம்னு இருக்கறனுங்க, எப்படி ஓடுதுங்க?" என்றான். "வேண்டாம் மாப்ளே" என்று ஒரே வார்த்தையில் முடித்தேன். அவன் நம்பவில்லை. பொங்கலுக்கு வந்தபோது நான் வாசலில் குந்த வைத்து, பழைய பனியனால் வீலின் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவன் எப்படி நம்புவான்? அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கம்பெனியில் வந்தது 185/65 ஆர்15. அதாவது டயர் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம் 15 இஞ்ச். வண்டி என்னவோ நல்ல அகலம், ஆனால் பின்னால் நின்று பார்த்தால் தொப்பை வைத்த ஆள் வேட்டியை மடித்துக் கட்டின மாதிரி கீழே கால் மட்டும் குச்சியாகத் தெரியும். அந்தக் கோலம் பொறுக்காமல்தான் மூன்று வருசத்துக்கு முன்னால் 205/50 ஆர்17 போட்டேன். பழைய டயரைக் கழித்துக்கொண்டது போக, அலாய் வீலும் டயருமாக எழுபதாயிரத்துக்கு மேல் ஆனது. பார்க்க எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், அதில் எனக்குக் குறையே கிடையாது.

குறை சத்தத்தில். மாட்டி இரண்டாவது வாரம், ஈரோட்டிலிருந்து அறச்சலூர் வழியாகக் காங்கேயத்துக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பினோம். முன்னால் நானும் அப்பாவும், பின்னால் அம்மா, பெரியம்மா, என் மனைவி, டிக்கி நிறையத் தட்டும் பழமும். முதல் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் ஒரு 'சர்ர்ரக்'. பெரியம்மா பதறி, "கண்ணு, நிறுத்து நிறுத்து, சீலை கதவுல மாட்டிக் கிழிஞ்சு போச்சாட்ட இருக்குது" என்றார். நிறுத்தி, கதவைத் திறந்து, பட்டுச்சேலையின் முந்தானையை முழம் முழமாக இழுத்துப் பார்த்தோம். சேலைக்கு ஒன்றுமில்லை. அடுத்த வேகத்தடையில் மறுபடியும் அதே சர்ர்ரக். அதற்கப்புறம் காங்கேயம் வரைக்கும் ஒவ்வொன்றிலும். நம் பக்கத்தில் ஊருக்கு நாலு, பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு, யாரோ ஒருத்தர் தோட்டத்து முக்குக்கு ஒன்று என்று மேடு போட்டு வைத்திருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பெரியம்மா எண்ணிக்கொண்டே வந்தார். இப்போதும் எங்கே கூப்பிட்டாலும், "உன்ற வண்டியிலயா?" என்று கேட்டுவிட்டுத்தான் சேலையே மாற்றுவார்.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் சக்கரத்துக்கு மேலே பாடியின் மடிப்பில், உள்ளங்கை நீளத்துக்குப் பெயின்ட் போய்த் தகரம் பளபளவென்று தேய்ந்திருந்தது. விரலை வைத்தால் மை மாதிரி ரப்பர் தூள். காரணம் டயர் அகலம் மட்டுமில்லை, ஆஃப்செட்டும்தான். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் ஒட்டி உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம் அது, மில்லிமீட்டரில் சொல்வார்கள், குறைந்தால் வீல் வெளியே தள்ளி நிற்கும். பழைய ரிம் 6 இஞ்ச் அகலம், ஆஃப்செட் 45. புதியது 7 இஞ்ச், ஆஃப்செட் 38. அகலம் கூடியதில் பாதி, அதாவது 12.7 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் போகிறது, ஆஃப்செட் குறைந்ததில் இன்னொரு 7. ஆகமொத்தம் ரிம்மின் வெளி விளிம்பு கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் வெளியே வந்துவிட்டது, டயரின் உயரமும் ஒன்றரை சென்டிமீட்டர் கூடிவிட்டது. நான் ஒருத்தன் ஓட்டினால் இடிக்காது, பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் இடிக்கும். கடையில் என்னிடம் கேட்டதெல்லாம் கறுப்பா வெள்ளியா என்பதுதான், நானும் அதைத்தான் அரை மணி நேரம் யோசித்தேன். அப்புறம் அந்த மடிப்பைச் சூடுபண்ணி உள்ளே உருட்டி விட்டோம். சத்தம் பாதி குறைந்தது. மீதிப் பாதி இன்றைக்கும் இருக்கிறது.

இன்னொரு தொல்லை தீர்ந்துவிட்டது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பைபாஸில் 90 தொட்டால் ஸ்டீயரிங் நடுங்கும். மூன்று கடையில் பேலன்சிங் செய்தும் போகவில்லை. பெருந்துறைப் பக்கம் ஒரு மெக்கானிக் வீலைக் கழற்றி நடு ஓட்டைக்குள் விரலை விட்டு, "ரிங் எங்கீங்க?" என்றார். வெளியில் வாங்கும் அலாயில் பல வண்டிக்கும் சேரட்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாக விட்டிருப்பார்கள், அந்த இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்று ஒரு வளையம் போட வேண்டும். மாட்டியவர்கள் போடவில்லை. போட்டதும் நடுக்கம் நின்றது.

சரி, நல்லதையும் சொல்லிவிடுகிறேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. பழைய டயரில் வளைவுக்கு வளைவு வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பும். இதில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதே மூக்கு திரும்பிவிடுகிறது. ஆடிக் காற்றில் பல்லடம் உடுமலை ரோட்டில், காற்றாலைகளுக்கு நடுவே, முன்னெல்லாம் வண்டி பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளாடும், இப்போது அது ரொம்பக் குறைவு. ஆனால் இதெல்லாம் அகலத்தால் என்று நினைத்தால் பாதிதான் சரி. எடையும் காற்றழுத்தமும் மாறாவிட்டால் தரையில் படும் ரப்பரின் பரப்பு பெரிதாகக் கூடாது. நீளவாக்கில் இருந்தது அகலவாக்கில் மாறும், அவ்வளவுதான். பக்கச்சுவர் 12 சென்டிமீட்டரிலிருந்து 10-க்குக் குறைந்ததால் டயர் நெளிவது குறைந்ததும் முக்கியமான காரணம். மழைக்கு இது நேர்மாறு. ரோட்டில் தண்ணீர் தேங்கினால் அகல டயர் சீக்கிரம் மிதக்கும், பொள்ளாச்சி ரோட்டில் ஒருமுறை ஸ்டீயரிங் கையில் வெறுமனே சுற்றியபோது உள்ளங்கை வேர்த்துவிட்டது.

மைலேஜ் 20-லிருந்து 18-க்கு வந்தது. அதில் கொஞ்சம் மீட்டர் செய்யும் வேலை. டயர் இரண்டரை சதவீதம் பெரிதாகிவிட்டதால் மீட்டர் 100 காட்டும்போது வண்டி 102.5 போயிருக்கும். உண்மை மைலேஜ் கிட்டத்தட்ட பதினெட்டரை இருக்கும்.

தோட்டத்துக்குப் போகும் இட்டேரிதான், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதைதான், பர்ஸைக் காலி செய்வது. முள்ளை விடக் கல்லுக்குத்தான் பயம். ஒரு கல்லில் முன் டயர் மோதி, பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். உள்ளே இருக்கும் நூல் அறுந்தால் வருவது அது, பஞ்சர் மாதிரி ஒட்டவெல்லாம் முடியாது, டயரையே தூக்கிப் போட வேண்டியதுதான். ஒற்றை டயர் 9,000 ரூபாய். அன்றைக்குத் தோட்டத்துச் சாளை வீட்டில் மக்காச்சோள மூட்டைக்குப் பின்னால் கிடக்கும் பழைய 15 இஞ்ச் வீல்களைப் போய் ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

இப்போது நாலு டயரும் தேய்மானக் கோட்டுக்கு வந்துவிட்டன. நியாயமாகப் பார்த்தால் பழைய வீலுக்குத் திரும்ப இதுதான் நேரம், 15 இஞ்ச் டயருக்குக் காசும் குறைவு. நேற்று டயர் கடையில், "எந்த சைஸுங்க?" என்று கேட்டார்கள். 205/50 ஆர்17 விலை சொல்லுங்க என்றேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். பெரியம்மாவிடமும் சொல்லிவிடாதீர்கள்.

இதில் பாதியை மச்சினனிடம் போனில் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத்தன கஷ்டமுன்னா கழட்டி எனக்கே குடுத்துருங்க மாமா, நான் பாத்துக்கறனுங்க" என்றான்.

"உன்ற வண்டிக்கு அஞ்சு போல்ட்டு, என்ற வண்டிக்கு நாலு மாப்ளே, சேராது" என்றேன், அவன் சொல்லி முடிப்பதற்குள்ளேயே.