புஷ் மட்டுமா, முழு ஆர்மா, பாலியா? பழைய சொகுசுக் காரின் சஸ்பென்ஷன் கணக்கு

பதினைந்து இருபது வருடம் ஓடிய சொகுசுக் காரில் இன்ஜின் இன்னும் வெண்ணெயாக ஓடும், சீட் தோலும் அப்படியே இருக்கும். ஆனால் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்கும். ரிவர்ஸ் போட்டு நகர்ந்தால் அடியில் 'கடக்' என்று ஒரு சத்தம். முன் டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகியிருக்கும். ஷாக் அப்சார்பரை மாற்றியும் சரியாகவில்லை என்றால், அடுத்து பார்க்க வேண்டியது புஷ்.

சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கைதான் ஆர்ம்; அது மாட்டப்படும் முனையில் இருப்பது புஷ். பார்வைக்குச் சாதாரணப் பொருள்தான். வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு குழாய், இரண்டுக்கும் நடுவே இரண்டிலும் ஒட்டிய ரப்பர். ஆர்ம் ஏறி இறங்கும்போது குழாய் சுழல்வதில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது. சாலையின் அதிர்வை உள்ளே விடாமல் நிறுத்துவதும் அதே ரப்பர்தான். சொகுசு என்று நாம் காசு கொடுத்து வாங்கியதில் பாதி அங்கேதான் இருக்கிறது. அதனால் எந்த வழியில் சரிசெய்தாலும் நான் முதலில் கேட்பது, அந்த ரப்பர் என்ன ஆகிறது என்பதைத்தான்.

முதல் வழி, பழைய புஷ்ஷை பிரெஸ்ஸில் தள்ளிவிட்டுப் புதியதை அழுத்துவது. ஆர்ம் அப்படியே இருக்கும், செலவு குறைவு, நல்ல ரப்பரைத் தேடி வாங்கலாம். பி.எம்.டபிள்யூ இ46-ன் (பழைய 3 சீரிஸ் ஒன்றின் தலைமுறைக் குறியீடு) பின்பக்க ட்ரெய்லிங் ஆர்மில், அதாவது சக்கரத்துக்கு முன்னால் உடலில் மாட்டிப் பின்னோக்கி நீளும் ஆர்மில், இதைவிட்டால் வேறு புத்திசாலித்தனமான வழி கிடையாது. அது வீல் ஹப்பையே தாங்குகிற பெரிய ஆர்ம். புஷ் போய்விட்டது என்பதற்காக அதை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள்.

ஆனால் வேலை சுத்தமாக இருக்க வேண்டும். பிரெஸ்ஸின் அழுத்தம் வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். உள்குழாயில் விழுந்தால் ரப்பரின் ஒட்டு அன்றைக்கே பிய்ந்துவிடும். பல புஷ்களில் ரப்பருக்குள் வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளி இருக்கும் திசையில் மென்மை, மற்ற திசையில் இறுக்கம். கழற்றும் முன் அந்தத் திசையை ஆர்மில் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளாத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அப்புறம், வழுக்குவதற்கு இன்ஜின் ஆயில் தடவுவது கூடாது. சோப்புத் தண்ணீர் போதும். ஆயில் பட்டால் ரப்பர் ஊதிப் பாழாகும். அலுமினிய ஆர்மாக இருந்தால் துளையையும் பார்க்க வேண்டும். அதில் கீறல் விழுந்தாலோ அகண்டுவிட்டாலோ, புது புஷ் பிடிப்பில்லாமல் ஆடும்.

இரண்டாவது, புஷ், பால் ஜாயின்ட் எல்லாம் சேர்ந்த முழு ஆர்ம். முன்பக்கத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். புஷ் தேய்ந்த வயதில், மறுமுனையில் சக்கரப் பக்கம் எல்லாத் திசையிலும் திரும்பும் குண்டு மூட்டான பால் ஜாயின்ட்டும் கிழமாகியிருக்கும். புஷ்ஷை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் அதே போல்ட்டுகளை மறுபடி கழற்ற வேண்டி வரும், அலைன்மென்ட்டும் மறுபடி. ஆடி ஏ4-ன் முதல் தலைமுறையில் முன்பக்கம் ஒரு சக்கரத்துக்கு நான்கு ஆர்ம்கள். அங்கே ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டு இருப்பது வீண். ஒரே மூச்சில் மாற்றுவதுதான் சரி. மேல் ஆர்ம்களைப் பிடிக்கும் நீள போல்ட் துருப்பிடித்து இறுகி உயிரை எடுக்கும் என்பதே அதற்குப் போதுமான காரணம்.

ஆபத்து என்னவென்றால், எல்லா ஆர்மும் சேர்ந்து மலிவு விலைக்கு வரும் பெயர் தெரியாத கிட்கள். ஆர்ம் பளபளவென்று இருக்கும், ரப்பர் மட்டமாக இருக்கும். மலிவு கிட்டில் வரும் புது ஆர்மைவிட, பழைய ஆர்மில் அழுத்திய நல்ல புஷ் மேல். ஜெர்மன் கார் என்றால் லெம்ஃபோர்டர் பெயரைத் தேடலாம். அது இசட்.எஃப். குழுமத்தின் பிராண்ட்; பல ஜெர்மன் கார்களுக்குத் தொழிற்சாலையிலேயே பாகம் கொடுப்பவர்கள்.

இதில் இன்னொரு கிளைக் கேள்வி உண்டு. இ39 பி.எம்.டபிள்யூவின் (பழைய 5 சீரிஸ்) முன்பக்க த்ரஸ்ட் ஆர்ம், அதாவது சக்கரம் முன்பின் நகராமல் பிடிக்கும் ஆர்ம்; அதன் புஷ்ஷுக்குள் திரவம் இருக்கும். பிரேக் அதிர்வை அந்தத் திரவம் விழுங்கிவிடும். கிழிந்தால் கறுப்பாகக் கசிந்த தடம் தெரியும், அதோடு நடுக்கமும் தொடங்கும். இதற்குப் பதில் திரவமில்லாத கெட்டி ரப்பர் புஷ்ஷும் கிடைக்கிறது, மெய்லே எச்.டி. என்ற பிராண்ட் மாதிரி. கசிய எதுவும் இல்லாததால் அதிக நாள் வரும், கொஞ்சம் கூடுதல் அதிர்வு ஸ்டீயரிங்குக்கு வரும். மோசமான சாலையில் தினமும் ஓடும் கார் என்றால் கெட்டி ரப்பரையே சொல்வேன். நெடுஞ்சாலையில் அமைதியாகப் போக வைத்திருக்கும் கார் என்றால் திரவ புஷ்தான்.

மூன்றாவது, ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் என்ற கெட்டியான பிளாஸ்டிக் புஷ்; சுருக்கமாகப் பாலி. எண்ணெய்க்கு அசராது, நீண்ட நாள் உழைக்கும், ஸ்டீயரிங் கூர்மையாகும். ஆனால் சாதாரண பாலி புஷ் முறுக்கிக்கொள்வதில்லை; அதற்குள் குழாய் சுழல்கிறது. அதனால் சிலிக்கான் கிரீஸ் வேண்டும், அது காய்ந்தால் கீச்சிடும். ஒரே அச்சில் சுழலும் இடத்தில் சமாளிக்கும். இ46 ட்ரெய்லிங் ஆர்ம் மாதிரி பல திசைகளில் வளைய வேண்டிய இடத்தில் போட்டால் சஸ்பென்ஷனே இறுகிப் பிடித்துக்கொள்ளும். சொகுசுக் காரை முழுக்கப் பாலியால் நிரப்புவது, அந்தக் காரை வாங்கிய காரணத்தையே அழிப்பது. திருப்பத்தில் கார் சாயாமல் பிடிக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரின் புஷ்ஷில் வேண்டுமானால் போட்டுப் பார்க்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசி அரை மணி நேரத்தில்தான் வேலை கெடுகிறது. கார் லிஃப்டில், சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ் போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுவார்கள். காரை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் மாட்டிக்கொள்ளும். எவ்வளவு நல்ல புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். சக்கரத்தில் காரின் பாரம் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு, அதுவும் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச்சில். இ46-ன் பின் புஷ்ஷில் மட்டும், பிராக்கெட்டை ஆர்மோடு எந்தக் கோணத்தில் இறுக்குவது என்று தயாரிப்பாளரே அளவு கொடுத்திருக்கிறார்; அங்கே அதன்படிதான். இறுக்கும்போது நீண்டுவிடுவதால் ஒருமுறை மட்டுமே பயன்படும் வகை போல்ட் என்றால் புதியது போடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

அப்புறம் வீல் அலைன்மென்ட். பழைய பி.எம்.டபிள்யூக்களுக்கு டேங்க் நிறைய எரிபொருளோடு, முன் சீட் ஒவ்வொன்றிலும் 68 கிலோ, பின் சீட் நடுவில் 68 கிலோ, டிக்கியில் 21 கிலோ வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் கொடுத்த முறை. எடை வைக்காமல் எடுத்த அளவு திரையில் பச்சையாகத் தெரிந்தாலும் அதை நம்பாதீர்கள்.