நகரங்களின் பட்டப்பெயர் அட்டைகள்: வாங்கலாம், ஆனால் பேனை வேண்டும்

கிளிநொச்சியில் ஒரு புத்தகக் கடையில் 1450 ரூபாவுக்கு வாங்கியது. முன்பக்கம் நகரத்தின் பட்டப்பெயர், பின்பக்கம் ஊரும் அந்தப் பெயர் வந்த கதையும். கரண்ட் இல்லாத இரவில் பிள்ளைகளை வைத்து விளையாட நல்ல சாமான்தான்.

ஜெய்ப்பூர் அட்டை கச்சிதம். 1876இல் வேல்ஸ் இளவரசர் வருகிறார் என்று மகாராஜா நகரத்துக்கே இளஞ்சிவப்பு அடிக்கவைத்த கதையை நாலு வரியில் முடித்துவிட்டார்கள். மட்டக்களப்பு அதைவிட நல்லது: நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் வள்ளத்தில் இருந்து, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து மீன் பாடுவதைக் கேட்கிற படம். "சித்தப்பா, அவருக்குக் கை நோகாதா?" என்று பெறாமகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த அட்டைக்குப் போக விடவில்லை.

கோளாறு நியூயோர்க்கில். பொருளாதார மந்தத்தில் தெருவில் ஆப்பிள் விற்றவர்களால்தான் 'பிக் ஆப்பிள்' ஆனதாம்! மந்தம் தொடங்கியது 1929இல். ஜோன் ஃபிட்ஸ் ஜெரால்ட் என்ற குதிரைப்பந்தய நிருபர் அதற்குச் சில வருசம் முன்பே இந்தப் பெயரைத் தன் பத்தியில் போட்டுவிட்டார், அதுவும் நியூ ஓர்லியன்ஸ் லாயத்தில் வேலை செய்தவர்கள் வாயில் கேட்டதென்று அவரே எழுதியிருக்கிறார், அவர்களுக்கு நியூயோர்க் பந்தயத்திடல்தான் பெரிய இடம். அப்புறம் 1971இல் சுற்றுலா விளம்பரக்காரர் தூசு தட்டி எடுத்தார்கள். இவ்வளவு நல்ல கதையை விட்டுவிட்டு யாரோ கட்டிவிட்டதைப் போட்டிருக்கிறார்கள். சிக்காகோவின் 'காற்று நகரம்' என்ற பெயருக்கும் ஏரிக்காற்று மட்டும்தான் காரணமாம், அந்த ஊரவரின் வாய்வீச்சைப் போட்டி நகரப் பத்திரிகைகள் நக்கலடித்தது பற்றி மூச்சு இல்லை.

எனக்குக் கடுப்பு வேறு இடத்தில். கிளிநொச்சியில் விற்கிற பெட்டியில் வன்னிக்கு ஒரு அட்டை கூட இல்லை. அடங்காப்பற்று என்று பெயர் எடுத்த மண் இது, பண்டாரவன்னியன் 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளைக்காரரிடமிருந்து பிடித்த கதை ஒன்றே ஒரு அட்டைக்குத் தாராளம். தனி நகரம் இல்லை என்று சாட்டுச் சொல்வார்களாக்கும், 'மலையகம்' மட்டும் எப்படி உள்ளே வந்தது?

அட்டை மெல்லிசு, எங்கள் புழுதிக்கு ஒரு மாதம் தாங்கினால் பெரிய விசயம். பத்து வயதுக்கு மேல் பிள்ளை இருந்தால் வாங்குங்கள், நியூயோர்க் அட்டையைப் பேனையால் வெட்டித் திருத்திவிட்டுக் கையில் கொடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து மிகச் சிறிது, காசு வீண்.